வடக்கு வாசலில் மண்டகப்படி

அரியாங்குப்பம்
4 செப்டம்பர் 2023

அன்புள்ள ஜூலியன்,

ஒரு கால்பந்துக் குழுவை விற்பது என்றால் எதை விற்பது? போன வியாழக்கிழமை என்னிடம் இப்படிக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது.

முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். உன் முதுகு எப்படி இருக்கிறது? ரயில் ஓட்டுகிறவர்கள் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளக் கூடாதென்று பாரிசில் சட்டம் ஏதும் உண்டா? உன் பெண் மெரின் வளர்ந்துவிட்டாள் என்று படத்தில் தெரிந்தது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் நலம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நாம் இருவரும் மூன்றாம் நிமிடத்தில் சண்டை போடுகிறோம். ஈஸ்டர் அன்று நடந்தது நினைவிருக்கும். கடிதத்தில் நீ என்னை இடைமறிக்க முடியாது. நானும் போனை வைக்க முடியாது.

லாஸ்பேட்டைக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் சந்தைப்படுத்தல் பாடம் நடத்தினேன். அந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சோப்புக்கட்டியைக்கூட நான் விற்றதில்லை. இது எனக்கே கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கலங்கரை எஃப்.சி. என்று ஒரு தொழில்முறைக் குழு நம் ஊருக்கு வந்து ஒரு வருடமாகிறது. அதன் அலுவலகத்தில் வேலை செய்யும் பெனிஷா என் பழைய மாணவி. வணிகப் பிரிவுக்குத் தலைவர் தேடுகிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். முதலாளி நாராயணசாமி ஐஸ் ஃபேக்டரிகள் வைத்திருப்பவர். என் பதிலைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“டீச்சரம்மா, உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க. ரெண்டு பேரும் இந்தக் கேள்விக்கு அர மணி நேரம் பதில் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க தெரியலன்னீங்க. அது புரிஞ்சிது. எப்ப வர்றீங்க?”

கல்லூரி வேலையை விட்டுவிட்டேன். விடுப்பு எடுக்கவில்லை, விட்டேவிட்டேன். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. உன் பந்தைப் பரண் மேல் தூக்கிப் போட்ட அதே அக்காதான்.

ஒரு ஆட்டத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. நீ ஞாயிறுதோறும் உங்கள் ஊர்க் குழுவின் ஆட்டத்துக்குப் போகிறாயே, அங்கே ஆட்கள் எதற்கு வருகிறார்கள்? ஜெயிப்பதைப் பார்க்க என்று எழுதாதே. ஜெயிக்காத குழுவுக்கும் ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மெரினுக்கும் அவள் அம்மாவுக்கும் என் அன்பு.

உன் அக்கா,
ஸ்டெல்லாமேரி

*

பாரிஸ் புறநகர்
19 செப்டம்பர் 2023

அக்கா, பொஞ்சூர்!

முதுகு இருக்கிறது. தலையணைக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை, கௌரவம்தான் நிற்கிறது. உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு என்று சொன்னால், ஆதாரம் என்ன என்று கேட்பாய். அதனால் சொல்லவில்லை.

உன் கடிதத்தை மெரினின் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “யாரு, உங்க அக்காவா? கோயில் பீடத்துல பூ வெக்கிறதுக்கே கணக்குக் கேட்டவங்களா? ஃபுட்பாலா?” என்றாள். அரை மணி நேரம் அதே பேச்சு. நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் குழு மூன்றாம் பிரிவில் கீழே கிடக்கிறது. ஜெயித்து நாளாகிறது. எனக்குப் பக்கத்தில் ஒரு அல்ஜீரியக்காரர் நிற்பார், கறிக்கடை வைத்திருக்கிறார். ஒன்பது வருடமாகப் பக்கத்தில் நிற்கிறோம். அவர் முழுப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் என்னை ‘பொந்திஷேரி’ என்று கூப்பிடுவார். ஒரு ஞாயிறு அவர் வரவில்லை என்றால் எனக்கு அந்த வாரம் முழுக்க என்னவோ போல இருக்கும். இது விற்கக்கூடிய சரக்கா இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும். நீதானே தலைவர்.

முதலில் ஒரு ஆட்டம் பார், அக்கா. கோப்பு எதுவும் கையில் எடுத்துக்கொண்டு போகாதே.

உன் தம்பி,
ஜூலியன்

*

அரியாங்குப்பம்
8 அக்டோபர் 2023

அன்புள்ள ஜூலியன்,

நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நல்லெண்ணெய் தடவினேன். ஆதாரம் கேட்கவில்லை. பலன் ஒன்றும் இல்லை.

ஆட்டம் பார்த்துவிட்டேன். கோப்பு எடுத்துப் போகவில்லை, குடைதான் எடுத்துப்போனேன். லாஸ்பேட்டை மைதானத்தில் எங்கள் பார்வையாளர் மேடையில் ஐயாயிரம் நாற்காலிகள். வந்தவர்கள் இருநூறு பேர் இருக்கலாம், அதில் பாதிப் பேர் வீரர்களின் உறவுக்காரர்கள். முதல் வரிசையில் இரண்டு நாய்கள் இடைவேளைவரை எழுந்திருக்காமல் பார்த்தன. எங்கள் விசுவாசமான ரசிகர்கள் அவைதான். ‘ஆஃப்சைடு’ என்றால் என்ன என்று பெனிஷா எனக்கு நான்கு முறை விளக்கினாள். நான்காவது முறை, “மேடம், கொடி தூக்குனா கத்துங்க, போதும்” என்று விட்டுவிட்டாள். ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. எங்கள் கோல்கீப்பர் அருள்முருகன் மட்டும் கண்ணில் நின்றான். ஒல்லியான பையன், திண்டிவனம் பக்கத்துக் கிராமம். ஒவ்வொரு பந்தையும் பிடித்துவிட்டு அதனிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் எறிகிறான்.

ஆட்டம் முடிந்ததும் நாராயணசாமி ஐயா என்னைக் காலியான மேடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

“உண்மைய சொல்லிடறேன் டீச்சரம்மா. ஓசூர்ல ஒரு கம்பெனி டீமைக் கேக்குது. பசங்க, ஜெர்சி, பேரு, எல்லாத்தோடயும். எனக்கு இங்கயே வெச்சிக்கணும்னு ஆசதான். ஆனா காலி நாற்காலிக்கு எத்தினி நாளு லைட்டு போடறது? சீசன் முடியறதுக்குள்ள ஒரே ஒரு நாளு இந்த ஸ்டேண்டு ரொம்பி நான் பாக்கணும். ஒரு நாளு போதும். இல்லன்னா குடுத்துடுவேன்.”

நான் சரி என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று ஸ்கூட்டரில் ஆற்றுப்பாலம் தாண்டும்போதுதான் யோசித்தேன். எனக்கு இந்த ஆட்டம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒன்றை ஒப்புக்கொண்டால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உன் அல்ஜீரியக்காரருக்கு என் வணக்கம் சொல்.

அக்கா,
ஸ்டெல்லாமேரி

*

பாரிஸ் புறநகர்
27 அக்டோபர் 2023

அக்கா,

குளிர் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் நலம். மெரின் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள். சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்காதே என்று உத்தரவு.

அந்த நாய்களை விரட்டாதே. ரசிகர்கள் அப்படித்தான் ஒன்றிரண்டாகச் சேருவார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். டீமை விட்டுவிடாதே. ஓர் ஊரை விட்டுக் குழு போய்விட்டால் மைதானத்துக்கு ஒன்றும் ஆகாது, புல்கூட வளரும். அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போது ஆட்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்ததால் சொல்கிறேன்.

வேலைக்கு நேரமாகிறது. மீதி பிறகு.

ஜூலியன்

*

அரியாங்குப்பம்
20 நவம்பர் 2023

அன்புள்ள ஜூலியன்,

மெரின் பல்லுக்கு என் அனுதாபங்கள். கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றினேன். மழையில் திரி மூன்று முறை அணைந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம் அப்பா, சொல்தா லூர்துநாதன், மழைக்கெல்லாம் பயந்தவர் இல்லை என்று விட்டுவிட்டு வந்தேன்.

வேலை விவரம். பள்ளிக்கூடங்களுக்கு ஆயிரம் இலவச டிக்கெட் கொடுத்தோம். நாற்பது பேர் வந்தார்கள். சும்மா கிடைக்கிற சீட்டை யாரும் பத்திரமாக வைத்துக்கொள்வதில்லை என்று இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் கொடுத்தேன். அடுத்த ஆட்டத்துக்குச் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைத்தோம். பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து போய்விட்டது, நாய்கள் உட்பட.

இனி எல்லாம் கடைசி உள்ளூர் ஆட்டத்தில்தான். அதற்கு லீக் மூன்று சனிக்கிழமைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எங்கள் பங்குக் கோயிலில் புது வருடக் காலண்டர் சீக்கிரமே வந்துவிட்டதால் அதைச் சமையலறையில் மாட்டி வைத்துப் பார்த்தேன். பிப்ரவரி பதினேழு பங்குத் தியானம். மார்ச் இரண்டு என்றால் பள்ளித் தேர்வு. பிப்ரவரி 24 சுத்தமாக இருந்தது. தவக்காலம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை இல்லை, இறைச்சி விலக்கும் சுத்தபோசனத்துக்கு மீன் படம் போட்ட கட்டமும் இல்லை. பிரியாணிக் கடைகூட வைக்கலாம். பெனிஷாவும் அவள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துச் சரி என்றாள். அதே காலண்டர்தான்.

பிப்ரவரியில் உனக்கு விடுமுறை உண்டா? சும்மா கேட்டேன். மேடையில் நடுவில் ஓர் இருக்கையை யாருக்கும் கொடுக்காமல் வைக்கலாம் என்றிருக்கிறேன். கம்பத்தின் மறைப்பு இல்லாத இருக்கை.

இன்னொன்று. போன கடிதத்தில் உன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பற்றி ஒரு வரிகூட இல்லை. தோற்றுக்கொண்டே இருக்கிறீர்களா?

அக்கா,
ஸ்டெல்லாமேரி

*

பாரிஸ் புறநகர்
12 டிசம்பர் 2023

அக்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். முதுகு, பல், குளிர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

உன் கேள்விகளுக்குப் பதில். ஆமாம், கச்சேரி வேண்டாம். ஆமாம், பிரியாணி வேண்டும். அருள்முருகன் பந்திடம் என்ன சொல்கிறான் என்று கேட்டு எழுது. அப்பா கல்லறைக்கு நீ ஒருத்தியே வெள்ளையடித்தாயா? ஆள் வைத்திருக்கலாம் இல்லையா?

இதனுடன் ஒரு பார்சல் வரும். என் கழுத்துத் துணி, குழுவின் நிறத்தில். ஒன்பது வருடம் கட்டியது, துவைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். இங்கே அலமாரியில் இடமில்லை. அங்கே வெயிலுக்குக் கட்டிக்கொள்ள முடியாது, ஆனால் அந்த இருக்கையில் போட்டு வைக்கலாம்.

மெரினின் அம்மா கேக் செய்கிறாள். பாதி முட்டை தரையில்.

ஜூலியன்

*

அரியாங்குப்பம்
9 ஜனவரி 2024

அன்புள்ள ஜூலியன்,

புத்தாண்டு வாழ்த்துகள். உடம்பு நலம், மனசு இல்லை. கழுத்துத் துணி வந்து சேர்ந்தது. நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்குப் பதில் வந்து சேரவில்லை. இப்போது அதற்கு நேரமில்லை.

நேற்று அருள்முருகன் என் அறைக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மேடம், ஒரு நாளு லீவு வேணும்.”

“கோச்சைக் கேளுப்பா.”

“கேட்டேன் மேடம். திட்டிட்டாரு. பிப்ரவரி இருவத்திநாலு.”

“அன்னிக்கி மேட்ச் இல்லியா?”

“தெரியும் மேடம். மாசி மகமும் அன்னிக்கிதான். எங்க ஊரு சாமி கடலாட வருது. அப்பாவுக்கு மூட்டு போயிடுச்சி. இந்த வருஷம் அவரு எடத்துல நான்தான் தோள் குடுக்கணும்.”

நான் எழுந்து, ஆபீஸ் வாட்ச்மேன் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைப் போய்ப் பார்த்தேன். பிப்ரவரி 24 தாளில், எங்கள் பங்குக் காலண்டரில் வெறும் கட்டமாக இருந்த இடத்தில், பெரிய எழுத்தில் மாசி மகம்.

நீ ஊரை விட்டுப் போய் இருபத்தாறு வருடமாகிறது, மறந்திருப்பாய். எந்தெந்த ஊர்ச் சாமிகளோ வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் நாள். புதுச்சேரி முழுக்க அங்கேதான் இருக்கும். போலீஸ் மொத்தமும் அங்கேதான் இருக்கும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பெண்கள், படித்தவர்கள், ஒரே காலண்டரை இரண்டு வீட்டில் பார்த்துவிட்டு, வருடத்தின் பெரிய கூட்டம் கூடும் நாளில் கூட்டம் சேர்க்கக் கிளம்பியிருக்கிறோம்.

லீக்குக்கு எழுதினேன். தேதியை மாற்ற முடியாது, வேண்டுமானால் ஐந்து மணி ஆட்டத்தை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்ஸ்பெக்டரிடம் பந்தோபஸ்து கேட்டேன். “ஆறு மணிக்கு மேல ஆளு தரேன் மேடம். ஆனா யாருக்கு பந்தோபஸ்து? எல்லாம் கடல்ல இருப்பாங்களே!” என்று சிரித்தார். நாராயணசாமி ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை.

“நானும்தானே கையெழுத்து போட்டேன். கையெழுத்து போடறப்ப எவன் காலண்டர் பாக்கறான்?” என்றார். கூடவே, “ஆனா ஒரு நாளுன்னு சொன்னேன் டீச்சரம்மா. மிச்சம் இருக்கற நாளு இதான்” என்றார்.

அருள்முருகனுக்கு லீவு கொடுக்கச் சொன்னேன். காலையில் தோள் கொடுத்துவிட்டு ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். பந்திடம் என்ன சொல்வாய் என்றும் கேட்டேன். “ஒண்ணுமில்ல மேடம், போயிட்டு வான்னு சொல்லுவேன்” என்றான்.

அக்கா,
ஸ்டெல்லாமேரி

*

பாரிஸ் புறநகர்
22 ஜனவரி 2024

அக்கா,

மன்னித்துவிடு, சிரித்துச் சிரித்து முதுகு பிடித்துக்கொண்டது. இதற்கு நல்லெண்ணெய் உண்டா?

மாசி மகத்தையா மறப்பேன்? அப்பாவுக்குத் தெரியாமல் நீ என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூட்டத்தில் தொலைத்தாயே, அன்று எனக்கு ஏழு வயது. நான் அழவே இல்லை தெரியுமா? முன்னால் ஒரு சாமி போயிற்று, அதன் பின்னாலேயே நடந்தேன். அது ஒரு பந்தலில் நின்றது, எல்லோரும் நின்றார்கள், நானும் நின்றேன். சுண்டல் கொடுத்தார்கள். அடுத்த பந்தலிலும் நின்றது. அங்கே புளிசாதம். முத்தியால்பேட்டை தாண்டி மூன்றாவது மண்டகப்படியில் நீ என்னைக் கண்டுபிடித்தபோது, நான் உன்னோடு வர மறுத்தேன். அடுத்த இடத்தில் கேசரி என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

தைரியமாக இரு. அருள்முருகனை எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூலியன்

*

அரியாங்குப்பம்
7 பிப்ரவரி 2024

அன்புள்ள ஜூலியன்,

உன் முதுகு சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்த அன்று மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சாமி நின்றால் எல்லோரும் நிற்பார்கள். இதை ஏழு வயதில் தெரிந்துகொண்டு இத்தனை வருடம் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாய்.

மறுநாள் அருள்முருகனைக் கூட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போனேன். அவன் அப்பா பெயர் மண்ணாங்கட்டி. வேர்க்கடலை பயிரிடுகிறவர், முருகன் கோயில் தர்மகர்த்தாக்களில் ஒருவர். முழங்காலில் துணி சுற்றியிருந்தார். என் முழங்காலையும் அவருடையதையும் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். அதன் பிறகு விஷயத்தைச் சொன்னேன். கடலாடிவிட்டுச் சாமி திரும்பும்போது லாஸ்பேட்டை மைதானத்தின் வடக்கு வாசலில் எங்கள் மண்டகப்படி. பந்தல், மாலை, ஆரத்தி, சுண்டல், பானகம், எல்லாம் நாங்கள்.

“நீங்க வேதக்காரங்கதானே மேடம்?”

“ஆமாங்க.”

“அப்பறம் மண்டகப்படி எதுக்கு?”

ஏதாவது அலங்காரமாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். உள்ளதையே சொன்னேன்.

“எங்க ஸ்டேண்டு காலியா கிடக்குதுங்க. அன்னிக்கி ரொம்பலன்னா டீமை ஓசூருக்குக் குடுத்துடுவாங்க. உங்க பையனும் ஓசூருக்குத்தான் போகணும்.”

அவர் மனைவி அமிர்தவல்லி உள்ளேயிருந்து, “ஓசூரா? அங்க குளிருமே!” என்றார். மண்ணாங்கட்டி முழங்கால் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

“நேரா கேட்டீங்க, அதனால சொல்றேன். சாமி வரும். நாலு ஊருக்காரங்ககிட்டயும் பேசறேன், அந்தச் சாமிங்களும் அந்த ரோட்டுலதான் திரும்பும். ஆனா ஒண்ணு. சாமிய அழச்சவங்க வாசல்ல நிக்கணும். போன்ல அழச்சிட்டு உள்ள ஃபேனுக்கு அடியில ஒக்காந்துட்டா சாமி நிக்காது. அப்பறம் ஜனங்கள நான் கயிறு போட்டு இழுக்க முடியாது. சுண்டல வாங்கிக்கினு வண்டி ஏறிட்டாங்கன்னா என்ன கேக்கக் கூடாது.”

அதுதான் எனக்கும் பயம். டிக்கெட்டைப் பத்து ரூபாய் என்று வைத்திருக்கிறேன். இலவசம் கிடையாது. நாராயணசாமி ஐயா, “சாமிக்குமா டிக்கெட்டு?” என்று கேட்டார். சாமி வாசலோடு சரி, உள்ளே வராது என்றேன்.

பங்குச் சாமியாரிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாராவது சொல்லுமுன் நாம் சொல்வது நல்லது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “ரெண்டு டிக்கெட்டு எடுத்து வையம்மா” என்றார்.

உன் இருக்கையில் கழுத்துத் துணியைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். வேறெதுவும் கேட்கவில்லை.

அக்கா,
ஸ்டெல்லாமேரி

*

அரியாங்குப்பம்
23 பிப்ரவரி 2024, வெள்ளி

அன்புள்ள ஜூலியன்,

நலமா? உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ரயில் ஓட்டுகிறவர்களுக்கு வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பந்தல் போட்டாயிற்று. இரண்டு மூட்டை கொண்டைக்கடலை ஊறுகிறது. வாழைமரம் கட்டும்போது ஒன்றைத் தலைகீழாக நிறுத்திவிட்டார்கள், மாற்றச் சொன்னேன். நாளை என்ன நடக்கும் என்று பெனிஷா கேட்டாள். டிக்கெட் கட்டுகளை எண்ணச் சொன்னேன். தோற்றால் வருத்தமாக இருக்குமா என்றும் கேட்டாள். இருக்கும் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும்தான் ஆச்சரியப்பட்டேன்.

தபால் பெட்டியில் இன்றைய கடிதங்களை எடுத்தாகிவிட்டது, நாளை எனக்கு நேரமிருக்காது. இது திங்கட்கிழமைதான் போகும்.

*

25 பிப்ரவரி, ஞாயிறு

மேலே உள்ளதற்குத் தொடர்ச்சி. இதற்குத் தபால்தலை வேண்டியதில்லை. நீ அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாய். நீயும் நேற்று அங்கே இருந்தாய், ஆனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நேரில் சொன்னால் நீ இடைமறிப்பாய். அதனால் எழுதி உன் காபிக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

ஐந்தரை மணிவரை யாரும் வரவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வடக்கு வாசலில் நின்றேன். உள்ளே ஐயாயிரம் நாற்காலிக்கு நடுவே நாராயணசாமி ஐயா தனியாக உட்கார்ந்திருந்தார். நாய்கள் இரண்டும் பந்தலுக்குள் படுத்திருந்தன. “மேடம், சுண்டலுக்குத் தேங்கா போட்டுடலாமா?” என்று சமையல்காரர் கேட்டார். போட்டால் ராத்திரிக்குள் செலவாக வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். போடச் சொன்னேன்.

பிறகு பம்பைச் சத்தம் கேட்டது. முதல் டிராக்டரில் மண்ணாங்கட்டி. அதன் பின்னால் முருகன், உப்புக்காற்றில் கசங்கிய மாலைகளோடு. பக்கத்தில் ஈர வேட்டியுடன் அருள்முருகன். வண்டி நிற்குமுன் குதித்து, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உடை மாற்றும் அறைக்கு ஓடினான். ஆரத்தி எடுத்தார்கள். அர்ச்சகர் மாலையைக் கழற்றி யாருக்கு என்று பார்த்தார். நான் நாராயணசாமி ஐயாவைக் கைகாட்டினேன். சத்தம் கேட்டு அவர் வெளியே ஓடி வந்திருந்தார்.

“அவரு மொதலாளி. அழச்சது நீங்க” என்றார் மண்ணாங்கட்டி. மாலை என் கழுத்தில் விழுந்தது. இரண்டு டிக்கெட் வாங்கிய பங்குச் சாமியார் சரியாக அப்போதுதான் வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார். சுண்டல் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

ஐந்து சாமிகளும் வந்தன. ஜனங்கள் சுண்டலைச் சாப்பிட்டார்கள், பானகம் குடித்தார்கள், கை கழுவினார்கள். சிலர் வண்டியில் ஏற ஆரம்பித்தார்கள். அப்போது அமிர்தவல்லி அம்மா டிராக்டர் மேல் நின்றுகொண்டு கத்தினார்.

“எவளும் வண்டி ஏறாதீங்கடி! எம் புள்ள காலைலருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்காம சாமி தூக்கிட்டு வந்து கோலுல நிக்கிறான். அவன் ஆடறத பாக்காம ஊருக்குப் போயி என்னாடி ஆக்கிக் கிழிக்கப் போறீங்க? பத்து ரூபாதான், எடுங்க!”

அதன் பிறகு பெனிஷாவால் டிக்கெட் கிழித்து முடியவில்லை. பம்பைச் சத்தத்துக்குப் பின்னாலேயே டவுன் ஆட்களும் வந்துவிட்டார்கள். ஏழு மணிக்கு மேடை நிரம்பிக் கதவைச் சாத்தினோம். ஒரே ஓர் இருக்கை காலி. அதில் உன் கழுத்துத் துணி. மூன்று பேர் வந்து கேட்டார்கள், ஆள் வருகிறார் என்று பொய் சொன்னேன்.

ஆட்டத்தில் தோற்றோம். ஒன்றுக்குப் பூஜ்யம். அருள்முருகனின் வலது தோள் காலையிலேயே ஓய்ந்துவிட்டது, ஒரு பந்து அதன் மேலாகப் போய்விட்டது. ஆனால் அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் மேடை எழுந்து நின்றது. சும்மா பொறுக்கி எடுத்தால்கூடக் கைதட்டல். நான்கூட ஒரு முறை எழுந்தேன், கொடி தூக்கியபோது கத்தினேன். தவறான பக்கத்துக்குக் கத்திவிட்டேன் என்று பெனிஷா சொன்னாள். கடைசியில் மண்ணாங்கட்டி என்னிடம் வந்து, “பந்து அதிக நேரம் நம்ம பையன் கைலதானே இருந்துது? அப்ப நாமதானே ஜெயிச்சோம்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கூட்டம் கலையும்போது வாட்ச்மேன் வந்தான். “மேடம், வெளிய ஒருத்தரு பெட்டியோட ஒக்காந்திருக்காரு. மேடம் தம்பின்றாரு. இன்னிக்கி மட்டும் உங்க தம்பின்னு நாலு பேரு வந்தாங்க, அதான் வுடல.”

நீ பந்தலில், பெட்டி மேல், கையில் தொன்னையோடு உட்கார்ந்திருந்தாய். நீ சொன்னதையும் எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்வாய்.

“சென்னையிலருந்து டாக்ஸில வந்தேங்கா. மாசி மகம் டிராஃபிக்ல மாட்டிக்கினேன். ஃபுல்லு சார், எடமில்லன்னுட்டான். பொய் சொல்லல, ரொம்ப சந்தோஷமா இருந்துது.”

“எத்தனாவது தொன்னைடா அது?”

“மூணாவது. கேசரி இல்லியாமே?”

நான் எதுவும் கேட்காமலே பிறகு நீயே சொன்னாய். “அங்க டீமை மூடிட்டாங்கக்கா. அக்டோபர்லயே. மறு ஞாயித்துக்கெழம பழக்கத்துல போயிட்டேன். கேட்டுல பூட்டு. அந்தக் கறிக்கடைக்காரரும் வந்து நின்னுக்கினு இருந்தாரு. இங்கயும் இன்னிக்கி கேட்டுல பூட்டுதான். ஆனா உள்ள சத்தம் இருந்துது.”

முதல் கடிதத்தில் எழுதிய, எதை விற்பது என்ற கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. நீ அந்தத் தொன்னையை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்தபோது, ஏதோ புரிந்தது போல இருந்தது. இன்று காலை அதுவும் போய்விட்டது.

எட்டு மணிப் பூசை முடிந்து வெளியே வரும்போது நாராயணசாமி ஐயா போனில் கூப்பிட்டார். ஓசூரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “டீச்சரம்மா, அடுத்த வருஷம் மாசி மகம் என்னிக்கி வருதுன்னு பாத்து வெய்யிங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எங்கள் பங்குக் காலண்டரில் அது இருக்காது. மண்ணாங்கட்டிக்குப் போன் செய்தேன். பஞ்சாங்கக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார். கொஞ்ச நேரத்தில் அமிர்தவல்லி அம்மா கூப்பிட்டார்கள். மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை. அன்றைக்குச் சுண்டலோடு கேசரியும் வேண்டுமாம்.